மச்சான் வார்டு மெம்பருக்கு நிற்கிறார்: வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்களுக்கு எல்லாம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இது மற்றவர்களுக்கு. தங்கை வீட்டுக்காரர் திடீரென்று ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு நிற்கப் போகிறேன் என்கிறார். எதிர்வீட்டு அக்கா, "நீங்க நாலு எழுத்து படிச்சவங்க, கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த காதுகுத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சரி என்று சொல்லிவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சிச் சின்னத்தில் நிற்பார்கள். பின்னால் கட்சிக்காரர்கள் இருப்பது ஊருக்கே தெரியும் என்றாலும், வார்டு வேட்பாளருக்கென்று பூத் கமிட்டி, மாவட்டச் செயலாளர் என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் இருப்பார்கள், தெருக்காரர்கள் இருப்பார்கள், அப்புறம் நீங்கள்.

1. மறுக்க வேண்டியவர்கள் இப்போதே மறுத்துவிடுங்கள்

அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் பேச்சே வேண்டாம். நடத்தை விதிகள் தேர்தல் வேலைக்கு இடம் தராது. "என் வேலைக்கே ஆபத்து மாமா" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊரில் மளிகைக் கடையோ டீக்கடையோ வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். எதிர்த்தரப்பு நாளைக்கும் உங்கள் கடைக்கு வர வேண்டியவர்கள். இரண்டு வேட்பாளர்களுமே பங்காளிகள் என்றால், யாருக்கும் போகாமல் ஓட்டு மட்டும் போட்டுவிட்டு வருவதுதான் ஒரே வழி.

இன்னொன்று. சில ஊர்களில் தேர்தலுக்கு முன்பே கோவிலடியில் கூடி, கோவில் திருப்பணிக்கு இத்தனை லட்சம் தருபவருக்குப் பதவி என்று ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் மனுப் போடக் கூடாது, போட்டாலும் வாபஸ் வாங்க வேண்டும். இது சட்டத்துக்குப் புறம்பானது என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. உங்களை அழைப்பது அந்த மாதிரி ஒரு ஏற்பாட்டுக்குச் சாட்சியாகவோ கணக்கு எழுதவோ என்றால், உறவைப் பார்க்காமல் விலகிக்கொள்ளுங்கள்.

2. சரி சொல்லும்போதே எல்லையையும் சொல்லிவிடுங்கள்

வேண்டாவெறுப்பாக வருபவர்கள் செய்யும் வழக்கமான காரியம், எந்த வேலை என்று கேட்காமல் தலையாட்டுவது. அப்புறம் பிளக்ஸ் கட்டுவது, பிரியாணி சொல்வது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீக்கடையில் நடக்கும் வியூகப் பேச்சு எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள்.

நீங்களே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். என் யோசனை: ஓட்டர் லிஸ்ட். "லிஸ்ட்டை நான் பார்த்துக்கறேன், பூத்துல உட்கார்றேன், காசு பணம் என் கைக்கு வரக் கூடாது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் என்னைத் தேடக் கூடாது." இதை வேட்பாளரின் அப்பா அம்மா எதிரில் சொல்லுங்கள். பெரியவர்கள் காதில் விழுந்த பேச்சு நிற்கும்.

லிஸ்ட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மைக் பிடிக்கவும் கோஷம் போடவும் ஆள் தானாக வந்துவிடும். உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்க்க ஒருத்தரும் வர மாட்டார்கள். அதற்கு உற்சாகம் இல்லாத ஆள்தான் சரி. உற்சாகக்காரர் எண்ணினால் எல்லா ஓட்டும் நம் ஓட்டாகத்தான் தெரியும்.

3. எதற்கு நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிராமத்து ஓட்டருக்கு நான்கு ஓட்டு. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒரே பூத்தில் இரண்டு வார்டு இருந்தால் ஒரு வார்டுக்கு வெள்ளை, இன்னொன்றுக்கு நீலம். நகரத்தில் மிஷின், இங்கே வாக்குச்சீட்டும் பெட்டியும்தான்.

அந்தத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100. செலவு உச்சவரம்பு 9,000 ரூபாய். தலைவர் பதவிக்கு டெபாசிட் 600, உச்சவரம்பு 34,000. அடுத்த தேர்தலில் தொகை மாறலாம், அறிவிப்பு வந்ததும் பாருங்கள். இந்த 9,000-ஐப் படித்துவிட்டு உங்கள் மச்சான் சிரித்தால், அவர் ஏற்கெனவே எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறார் என்று விசாரிப்பது நல்லது.

கால அவகாசம் மிகக் குறைவு. 2019-ல் டிசம்பர் 9-ல் மனுத் தாக்கல் தொடங்கி 16-ல் முடிந்தது. 17 பரிசீலனை, 19 வாபஸ், 27-லும் 30-லும் ஓட்டுப்பதிவு. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தேர்தல் வந்ததே மூன்று வருடம் தாமதமாக. 2016-ல் நடந்திருக்க வேண்டியது. தேதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. லிஸ்ட் வேலையை முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

4. மனு

வேட்பாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஊராட்சிக்கு வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருக்கக் கூடாது. ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். அப்பா பெயரில் இருக்கும் வீட்டு வரி பாக்கி கடைசி நாளில்தான் ஞாபகம் வரும். முன்மொழிபவரை அந்த வார்டு ஓட்டராகவே பாருங்கள், நாளைக்கு மனம் மாறாத ஆளாகவும் பாருங்கள். சாதிச் சான்று தேவைப்படும் வார்டு என்றால் அசலும் நகலும். பெயர், வரிசை எண், பாகம் எண் எல்லாம் லிஸ்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல்.

வாபஸ் நாள் வரை வேட்பாளர் வீட்டில் அழுத்தம் இருக்கும். பெரியப்பா வருவார், கடன் கொடுத்தவர் வருவார், "அடுத்த தடவை உனக்குத்தான்" என்பார்கள். அந்தப் பேச்சில் தலையிடாதீர்கள். நிற்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவர் வாபஸ் வாங்கினால் உங்களுக்கு விடுதலை என்ற எண்ணம் முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஓட்டர் லிஸ்ட்: உண்மையான வேலை

உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலில் இருந்துதான் வார்டு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. அதனால் சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இங்கேயும் ஓட்டு இல்லை. 2025 கடைசியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, பழைய லிஸ்ட்டை நம்பி உட்காராதீர்கள். புதுப் பெயருக்குப் படிவம் 6, நீக்கத்துக்கு 7, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் 8. பதினெட்டு வயதான பிள்ளைகள், கல்யாணமாகி ஊருக்கு வந்த மருமகள்கள், இந்த இரண்டு வகையில்தான் விடுபட்டவர்கள் அதிகம் இருப்பார்கள்.

முதல் வேலை, வேட்பாளர் வீட்டு ஓட்டு எந்த வார்டில் இருக்கிறது என்று பார்ப்பது. சிரிக்க வேண்டாம். 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. வீட்டு ஆட்களே போடவில்லை என்று நாடு முழுக்கக் கேலி செய்தார்கள். விஷயம் என்னவென்றால், அவர் வீட்டு ஓட்டுகள் வேறு வார்டில் இருந்தன.

அடுத்து, லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நடங்கள். லிஸ்ட்டில் உள்ள வரிசை வேறு, தெருவில் உள்ள வீடுகளின் வரிசை வேறு. ஒரு நோட்டில் வீட்டு வரிசைப்படி மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். கூடவே தெருவில் எல்லார் வீட்டுக் கதையும் தெரிந்த ஒரு அத்தையை அழைத்துப் போங்கள். யார் இறந்துவிட்டார், யார் மகள் வீட்டோடு போய்விட்டார், யாருக்கு இரண்டு இடத்தில் பெயர் இருக்கிறது, யார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தீபாவளிக்கு மட்டும் வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறி. நிச்சயம் நமக்கு, நிச்சயம் நமக்கு இல்லை, தெரியாது. "நமக்கு" என்ற குறியை இடுவதில் கஞ்சத்தனம் வேண்டும். "உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்?" என்பதை எல்லா வேட்பாளருக்கும் சொல்வார்கள். அது தெரியாது என்ற கணக்கில். "பாத்துக்கலாம் தம்பி" என்றால் பெரும்பாலும் இல்லை. மோர் கொடுத்து உபசரித்தார்கள் என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, நம் ஊரில் விரோதி வந்தாலும் மோர் கொடுப்பார்கள். என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியவர், வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டுபவர். "சாக்கடை ரெண்டு வருசமா இப்படியே கெடக்குது, ஓட்டு கேக்க மட்டும் வந்துடுங்க" என்பவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவரிடம் மறுபடி போகலாம்.

கணக்குப் போடுவது இப்படி. உதாரணத்துக்கு, லிஸ்ட்டில் 380 பெயர். இறந்தவர், நிரந்தரமாகப் போனவர் 40 கழித்தால் 340. வெளியூரில் 60 பேர், அதில் 20 பேர் வந்தால் அதிகம். ஆக 300 ஓட்டு விழும். மூன்று பேர் போட்டி என்றால் 120-க்குக் கிட்டத்தட்ட வெற்றி. உங்கள் நோட்டில் நிச்சயம் நமக்கு என்று 70 இருந்தால், இன்னும் 50 பேரை அந்தத் "தெரியாது" பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். மீதி இருக்கும் நாட்களில் அந்த வீடுகளுக்கு மட்டும் போனால் போதும்.

இந்தக் கணக்கை வேட்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் வேண்டாம். முகம் சுருங்கும். "எங்க பக்கமே நூத்தம்பது இருக்கு" என்பார். பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

6. வீடு வீடாகப் போவது

கூச்சமுள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நீங்கள் பேச வேண்டியதில்லை. வேட்பாளர் பேசட்டும், நீங்கள் நோட்டோடு பின்னால் நில்லுங்கள். ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். காலையில் வாசல் தெளிக்கும் நேரமும் சீரியல் நேரமும் ஆகாது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு சாயங்காலம்தான்.

வேட்பாளர் பெண் என்றால் (தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு) அவரைத்தான் பேச விட வேண்டும். கணவர் முன்னால் நடந்து கும்பிடு போட, அந்த அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வருவதை ஊர் ஊராகப் பார்க்கலாம். நோட்டீசில் கணவர் படம் பெரிதாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு இருக்கும் உரிமையை இந்த ஒரு விஷயத்தில் பயன்படுத்தலாம். அப்படியே நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாக்குறுதி விஷயத்தில் கடிவாளம் தேவை. வார்டு உறுப்பினரால் ரோடு போட முடியாது. கூட்டத்தில் தீர்மானம் கேட்கலாம், எதிர்க்கலாம், கணக்குக் கேட்கலாம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள்தான், ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது சிறிய அதிகாரம் கிடையாது. "தெருவிளக்குக்கு மனுக் கொடுத்து அது எரியும் வரைக்கும் விடமாட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். மேம்பாலம் கட்டுவேன் என்றால் பின்னால் நிற்கும் உங்களுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் வார்டில், ஊர்த் தெருவை நான்கு முறை சுற்றிவிட்டு காலனிக்குக் கடைசி ராத்திரி மட்டும் போகும் வேட்பாளர்கள் உண்டு. உங்கள் நோட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போக வேண்டும். வாசலில் நின்று பேசிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்புவதை அவர்கள் கவனிப்பார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித் தொகுதி ஊராட்சியில் வேலை செய்கிறீர்கள் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. மிரட்டல் வந்தால் சமாதானப் பேச்சில் உட்காராமல் எழுத்தில் புகார் கொடுங்கள், காவல் நிலையத்துக்கும் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும். ரசீது வாங்குங்கள்.

7. கவனிப்பு

கடைசி இரண்டு நாளில் "கவனிக்கணும்ல" என்று பேச்சு வரும். பட்டுவாடாவுக்கு லிஸ்ட் தேவை, லிஸ்ட் உங்களிடம் இருக்கிறது. அதனால் உங்களைத்தான் தேடி வருவார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 170-ஆம் பிரிவின்படி லஞ்சம், ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆரம்பத்திலேயே எல்லை போட்டதை நினைவூட்டுங்கள். குறிகள் இருக்கும் நோட்டைக் கொடுக்காதீர்கள். வெறும் பட்டியல் கேட்டால், அது ஊராட்சி அலுவலகத்திலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். வெளியூர்க்காரர்களுக்குப் போன் செய்து நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ் காசு, வண்டி ஏற்பாடு என்று இறங்கினால் அதுவும் இதே கணக்கில் போகும்.

சண்டை வரும். "நீ இருந்தும் தோத்துட்டேன்னு ஆகிடும்" என்பார். பரவாயில்லை.

8. ஓட்டுப்பதிவு நாள்

பிரசாரம் முடிந்த நாளில் ஒரு நல்ல வேலை இருக்கிறது: வயதானவர்களுக்கு முத்திரை குத்தும் முறையைச் சொல்லிக் கொடுப்பது. நான்கு சீட்டைக் கையில் கொடுத்ததும் திணறிப்போவார்கள். இரண்டு சின்னத்துக்கு நடுவில் குத்தினால், கையெழுத்துப் போட்டால், கைநாட்டு வைத்தால் ஓட்டு செல்லாது. மை ஆறாமல் மடித்தால் அடுத்த கட்டத்தில் ஒட்டும். முந்நூறு ஓட்டு உள்ள வார்டில் பத்து செல்லாத ஓட்டு தலையெழுத்தை மாற்றும். உங்களுக்கு ஒதுக்கிய சின்னம் பூட்டு சாவியோ ஆட்டோவோ, அது வெள்ளைச் சீட்டில் எந்த வரிசையில் வருகிறது என்று சொல்லுங்கள். மற்ற மூன்று சீட்டைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அங்கே உங்கள் ஓட்டர்களே பிரிந்து கிடப்பார்கள்.

பூத் ஏஜென்ட்டாக உட்காருகிறீர்கள் என்றால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். பெட்டி காலியாக இருப்பதைக் காட்டுவார்கள், எட்டிப் பாருங்கள். சீல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வருபவரின் பெயரைப் படித்ததும் உங்கள் பட்டியலில் கோடு போடுங்கள். இறந்தவர் பெயரில் யாராவது வந்தால் சத்தம் போடாமல் வாக்குச்சாவடி அலுவலரிடம் ஆட்சேபம் சொல்லுங்கள், அதற்கு முறை இருக்கிறது. உங்கள் சொந்தப் பக்கத்து ஆளே கள்ள ஓட்டுக்கு வந்தாலும் அதே ஆட்சேபம்தான். 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது, சட்டைப் பையில் சின்னம் தெரியும் நோட்டீஸ் கூட வேண்டாம். சாப்பாடும் தண்ணீரும் வீட்டில் இருந்து கொண்டுபோங்கள், எதிர்த்தரப்பு ஏஜென்ட்டுக்கும் சேர்த்து. பத்து மணி நேரம் பக்கத்தில் உட்காரப் போவது அவர்தான்.

ஓட்டுப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு, சீல் வைப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

9. எண்ணிக்கை

ஒன்றியத்துக்கு ஒரு மையத்தில் எண்ணுவார்கள். முதலில் நிறம் பிரிப்பார்கள், அப்புறம் ஐம்பது ஐம்பதாகக் கட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் எண்ணுவது. ராத்திரி ஆகும், விடிந்தும் போகலாம். உங்கள் வார்டு முறை வரும் நேரத்தில் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். செல்லாத ஓட்டு என்று ஒதுக்கும் ஒவ்வொன்றையும் பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு என்றால் முடிவை அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள், அறிவித்த பிறகு நீதிமன்றம்தான். சமமாக வந்தால் குலுக்கல். குலுக்கலில் தோற்றவரை வீடு வரை கூட்டிவருவது தனி வேலை.

10. முடிந்த பிறகு

வென்றாலும் தோற்றாலும் செலவுக் கணக்கை முடிவு வந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் இதை மறந்துவிடுவார்கள், பின்னால் தகுதியிழப்பு வரை போகலாம். ரசீதுகளைச் சேர்த்து நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறுநாளே பிளக்ஸை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

குறிகள் போட்ட நோட்டைக் கிழித்து எரித்துவிடுங்கள். யார் போடவில்லை என்ற பட்டியல், வென்றவர் கையில் இருந்தால் தண்ணீர்க் குழாய் இணைப்பு வரைக்கும் பேசும். அந்த ஊரில்தான் நீங்களும் இருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களின் போன் எண்கள், பெயர் விடுபட்டவர்களின் விவரம், யார் வீட்டில் என்ன குறை சொன்னார்கள் என்பது மட்டும் வேறு நோட்டில் இருக்கட்டும். வேட்பாளர் வென்றிருந்தால் அதை அவரிடம் கொடுத்து, முதல் கிராமசபையில் படிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வார்டில் இருந்து முப்பது பேரை அழைத்துவரத் தெரிந்த உறுப்பினரைத் தலைவர் சுலபமாக ஒதுக்க முடியாது. தோற்றிருந்தாலும் கிராமசபைக்கு அவர் ஒரு ஓட்டராகப் போய்ப் பேசலாம், நோட்டு அப்போதும் பயன்படும்.

உங்களையும் கூப்பிடுவார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்துக் கேட்டால், எழுதி முடித்த தீர்மானத்துக்குக் கீழே மட்டும் போடுங்கள். காலிப் பக்கத்தில் போடாதீர்கள்.